எங்கே தேங்குகிறது இந்த வன்முறை?

ஓர் ஊரில் இரண்டு பேருக்கு டெங்கு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். சுகாதார ஆய்வாளர் வருவார். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக நுழைந்து, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். புகை அடிப்பார்கள். காய்ச்சலில் படுத்துக் கிடப்பவரிடம் போய், ‘கொசு இருக்கிற இடத்துக்கு நீ ஏன் போனாய்? அந்த நேரத்தில் என்ன உடுத்தியிருந்தாய்?’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானால் மட்டும் எல்லாக் கேள்விகளும் அவளை நோக்கியே பாய்கின்றன. அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள், யாரோடு பேசினாள், ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை. அவள் நம் தெருப் பெண்ணாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: எவ்வளவு பணம் கேட்கிறார்கள்? வன்முறை எங்கே தேங்கி எங்கே முட்டையிட்டது என்று தேடிப் பார்க்க யாரும் புகைப்பெட்டியோடு வருவதில்லை.

பெண்கள் மீதான வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வது புதிய விஷயமல்ல. உலக சுகாதார மாமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே வன்முறையை முன்னுரிமை தர வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று தீர்மானம் போட்டது. உலகில் மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, துணைவர் அல்லாத ஒருவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கு. மூன்று பேரில் ஒருவருக்கு வருகிற ஒன்றைத் தனிப்பட்ட ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா?

இதன் விளைவும் உடம்பில்தான் எழுதப்படுகிறது. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மன அழுத்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல். விரும்பாத கர்ப்பம், பால்வினைத் தொற்று, தீராத அடிவயிற்று வலி, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘உடம்பெல்லாம் வலிக்குது’ என்று வாரம் ஒருமுறை வந்து சத்து மாத்திரை வாங்கிப் போகும் பெண்களில் எத்தனை பேரின் வலிக்கு வேறு பெயர் இருக்கிறது என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

(இடையில் ஒரு சொல்லைப் பற்றி. ‘கற்பழிப்பு’ என்று எழுதுவதைப் பத்திரிகைகள் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. பேச்சில் இன்னும் நிற்கவில்லை. குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, இழந்தவளாக அவளைக் காட்டுகிற சொல் அது. தமிழ் படிக்கும் மாணவர்கள் இந்தச் சொல்லை வகுப்பறையில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.)

காரணி வேறு, சாக்கு வேறு

மருத்துவர்கள் ‘ஆபத்துக் காரணி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். புகைப்பவர் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் புகைப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. பாலியல் வன்முறைக்கும் அப்படிக் காரணிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்களாகப் பார்க்கிறது: தனி மனிதர், குடும்ப உறவு, சுற்றியுள்ள சமூகம், ஒட்டுமொத்தச் சமுதாயம். வன்முறை செய்யும் ஆணைப் பொறுத்தவரை, சிறு வயதில் வீட்டில் அடிதடி பார்த்தும் அடிபட்டும் வளர்ந்திருப்பது, மிதமிஞ்சிய குடி, பெண் தனக்குக் கட்டுப்பட்டவள் என்ற நம்பிக்கை ஆகியவை உள்வட்டங்களில் வருகின்றன. தண்டனை கிடைக்காது என்கிற தைரியமும், அதைக் கண்டிக்காத ஊரும் வெளிவட்டங்களில் வருகின்றன.

குடித்திருந்தான் என்பது காரணியாகலாம், சாக்காக முடியாது. அதே கடையில் அதே அளவு குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். அதே போல, ஒரு பெண் இருட்டில் நடந்து போக வேண்டியிருப்பது அவளுடைய குற்றம் அல்ல. அந்த இருட்டு அங்கே ஏன் இருக்கிறது என்பதுதான் பொதுச் சுகாதாரம் கேட்கிற கேள்வி.

இந்த நான்கு வட்டங்களில் நம் நாட்டுக்கான ஒரு கோட்டை நாம்தான் வரைய வேண்டும். அது சாதி. நான்கு வட்டங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற கோடு அது. நிலம் யாரிடம், கூலி யார் கையில், கழிப்பறைக்குத் தண்ணீர் எந்தத் தெருவரை வருகிறது, காவல் நிலையத்தில் யாருடைய சொல் எடுபடும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 3,000க்கும் மேற்பட்ட பட்டியல் சாதிப் பெண்களும் சிறுமிகளும் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். இது காவல் நிலையப் படியேறிப் பதிவான கணக்கு மட்டும்.

படியேறாதவர்களின் கதையைத் தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், பீகார், உத்தரப் பிரதேசத்தில் 500 தலித் பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அவர்களில் 46.8 சதவீதம் பேர் பாலியல் சீண்டலையோ தாக்குதலையோ சந்தித்திருந்தார்கள், 23.2 சதவீதம் பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். நடந்த வன்முறைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் நீதி கேட்டு எங்கும் போகவே இல்லை. தண்டனையில் முடிந்தவை ஒரு சதவீதம்கூட இல்லை. இந்தக் கடைசி எண்ணே ஓர் ஆபத்துக் காரணிதான். நூற்றுக்கு ஒருவன்கூட உள்ளே போகமாட்டான் என்பது ஊருக்கே தெரிந்திருந்தால், அடுத்தவனை எது தடுக்கும்?

இருட்டும் வரப்பும்

கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் கழிப்பறை உள்ள பெண்களோடு ஒப்பிட்டால், திறந்தவெளிக்குப் போகும் பெண்கள் கணவர் அல்லாதவரின் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. தென்னாப்பிரிக்காவின் கயலிச்சா குடியிருப்பை வைத்து யேல் பல்கலைக்கழகத்தினர் 2015இல் போட்ட கணக்கு, அங்கே கழிப்பறைகளை இரு மடங்காக்கினால் பாலியல் தாக்குதல்கள் சுமார் 30 சதவீதம் குறையும் என்றது.

நம் காலனிகளில் கழிப்பறை கட்டியாயிற்று என்று கணக்கு இருக்கிறது. கதவு இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் பல இடங்களில் உள்ளே விறகு அடுக்கியிருக்கிறது, ஆடு கட்டியிருக்கிறது. பெண்கள் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் ஓடைக்கரைக்கும் கருவேலங்காட்டுக்கும் போய் வருகிறார்கள். அந்தக் காடும் கரையும் பெரும்பாலும் யாருடைய பட்டாவை ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களும் இவர்கள்தான். ஒரே குழாய் இணைப்பு இரண்டு நோய்க்கும் மருந்து.

ஆனால் இருட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான். பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்று குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டு தவறாமல் சொல்கிறது. முகம் தெரியாதவன் புதரில் இருந்து பாய்வான் என்ற சினிமாக் காட்சியை வைத்து நம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், கூலி கொடுக்கும் நிலக்காரர், சூளை மேஸ்திரி, மில் மேற்பார்வையாளர் ஆகியோரைப் பற்றி எச்சரிக்கத் தயங்குகிறோம்.

கூலிக்குப் போகிற இடத்தில் முன்பணம் வாங்கியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் சீசன் முடியும்வரை அங்கேயே தங்குகிறார்கள். இளம்பெண்கள் கொங்குப் பகுதி மில் விடுதிகளில் தங்குகிறார்கள். கடன் கட்டி முடியாமல் வெளியே வர முடியாது. வெளியே வர முடியாத இடத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லை.

இதை மாற்ற முடியாது என்று நினைப்பவர்கள் திண்டுக்கல்லைப் பார்க்கலாம். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் சங்கமும் உற்பத்தி நிறுவனமும் வெளிநாட்டு ஆடை நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தையல் வரிசைகளிலேயே தொழிலாளிப் பெண்கள் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களாக நிற்கிறார்கள். புகார் சொன்னால் வேலை போகும் என்ற பயத்தை நீக்குவதுதான் ஒப்பந்தத்தின் அடிநாதம். பெண்களைக் கவனமாக இருக்கச் சொல்லித் திட்டம் போடவில்லை, வேலைத்தளத்தைத் திருத்தினார்கள்.

நம் வீட்டுக்குள்ளேயும்

இனிச் சொல்வது நம்மில் பலருக்குக் கசக்கும். ஆதிக்கச் சாதிக்காரனின் வன்கொடுமையை மேடையில் பேசுகிற நாம், நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேசத் தயங்குகிறோம். பேசினால் ‘பார், அவர்களே அப்படித்தான்’ என்று ஊர் கைகொட்டும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது நம் பெண்கள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாட்டுச் சராசரி 29 சதவீதம்தான். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்துக்கு இந்த எண் பெரிய வெட்கம். நாடு முழுவதும் பாலியல் வன்முறையைச் சந்தித்த மணமான பெண்களில் 82 சதவீதம் பேர் கைகாட்டியது இப்போதைய கணவரை. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவருடைய மனைவியரில் 70 சதவீதம் பேரும், குடிக்காதவருடைய மனைவியரில் 23 சதவீதம் பேரும் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில் டாஸ்மாக் கடை இருக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில் இருக்கும் மாநிலத்தில், இந்தக் காரணியின் வருமானமும் அரசுக்குத்தான்.

அதே சமயம் அந்த 23 சதவீதத்தையும் மறக்கக் கூடாது. குடிக்காதவனும் அடிக்கிறான். பெண் தன் சொத்து என்ற நினைப்பு பாட்டிலில் வருவதல்ல.

கூலி வேலை முடிந்து எங்கள் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா சொன்னார்: “புருசன் பண்றத சொன்னா குடும்பம் கெட்டுப்போச்சும்பாங்க. நெலத்துக்காரன் கைய வெச்சத சொன்னா கூலி கெட்டுப்போச்சும்பாங்க. நாங்க எங்க போயி வாயத் தொறக்கறது?” வன்முறைக்கு ஆளானவர்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே உதவி தேடினார்கள் என்று அதே ஆய்வு சொல்வதை அவர் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

சட்டமும் அவருக்கு முழுக் கதவைத் திறக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்துவது வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மட்டும் கணவரின் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகக் கணக்கில் எடுத்துப் பாதுகாப்பு ஆணை தருகிறது.

31 ஆண்டுகள்

தண்டனையின்மை என்ற காரணியைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அரூர் அருகே, சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். புகார் வாங்க ஆளில்லை. கிராமத்தாரே சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பழங்குடியினர் சங்கமும் இடதுசாரி இயக்கமும் விடாமல் நின்ற பிறகே வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றது. அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வெற்றிதான். ஆனால் சிறுமியாக இருந்தவர்கள் நடுத்தர வயதைத் தொட்டுவிட்டார்கள். அந்த 31 ஆண்டுகளிலும் அவர்களுக்கு மனநல சிகிச்சை தேவைப்படும் என்று எந்தச் சுகாதாரத் திட்டம் நினைத்தது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இப்போது முன்பைவிட வலுவாக இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே சம்மதமின்றிப் பாலியல் நோக்கோடு தொடுவது, சைகை காட்டுவது, ஆபாசமாகப் பேசுவதுகூடத் தனிக் குற்றம். குற்றவாளிக்கு அந்தப் பெண்ணையோ குடும்பத்தையோ முன்பே தெரிந்திருந்தால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடுகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும். கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம்.

மருத்துவமனைக்குப் போவது பற்றி

இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் ஆட்கள் முதலில் ஊர்ப் பெரியவரிடம் போகிறார்கள், பிறகு காவல் நிலையம், கடைசியில்தான் மருத்துவமனை. வரிசை தலைகீழாக இருக்கிறது. எப்ஐஆர் இல்லாமலும் மருத்துவமனைக்குப் போகலாம். அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். காவல் துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பஞ்சாயத்துப் பேசி முடிப்பதற்குள் அந்த மூன்று நாளும் போய்விடும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையிலோ துணிப் பையிலோ எடுத்துப் போக வேண்டும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போக வேண்டும்.

இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது; 2022 அக்டோபர் 31 அன்று, அதைச் செய்பவர் நன்னடத்தை மீறியவராவார் என்றே சொல்லிவிட்டது. யாராவது செய்ய முயன்றால் ‘வேண்டாம்’ என்று மறுக்கப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு.

எது குறைக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஏழைப் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுத்து, அந்தக் கூட்டங்களிலேயே வன்முறை, உடல், ஆண்–பெண் உறவு பற்றிப் பேசப் பயிற்சியும் கொடுத்தார்கள். கணவர் அல்லது துணைவர் செய்யும் வன்முறை பாதிக்கும் மேல் குறைந்ததாக 2006இல் முடிவு வெளியானது. உகாண்டாவின் கம்பாலாவில், ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து ஆண்களோடும் பெண்களோடும் தெருத்தெருவாகப் பேசவைத்த திட்டத்தின் முடிவு 2014இல் வந்தது. திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரின் உடல் வன்முறை மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு.

இதில் நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். லிம்போப்போவில் செய்ததைச் செய்ய இங்கே புதிதாகக் கட்டடம் வேண்டாம். குழுக்கள் ஏற்கெனவே வாரந்தோறும் கூடுகின்றன. சேமிப்பு, கடன், வட்டி, கையெழுத்து முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் போதும். அதை நடத்த வெளியூர் நிபுணர் தேவையில்லை, கிராம சுகாதாரச் செவிலியரும் குழுவின் ஊக்குநரும் போதும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நாம் எழுந்து கேட்க வேண்டியவை எளியவை: காலனி வரை தெருவிளக்கு எரிகிறதா? கழிப்பறைகளுக்குத் தண்ணீர் இணைப்பு எப்போது வரும்? பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நம் பிள்ளைகள் போகும் பாதையில் மதுக்கடை இருக்கிறதா? பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்குமாக, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்க வேண்டிய புகார்க் குழுவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, நகல் வாங்க வேண்டும்.

அதே சுவரில் இன்னும் சில எண்களுக்கும் இடம் இருக்கும்: பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, வன்கொடுமைப் புகாருக்கு 14566. வழக்கு நடத்தப் பணம் இல்லை என்ற கவலையும் வேண்டாம்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.